கடைசி நினைவும் மார்ஃபினும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மதத்தாரின் தெரு முடியும் இடத்தில் இன்னொரு மதத்தாரின் தெரு தொடங்கிவிடும். 1568-இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெபாலயம், அதன் சுவரை ஒட்டினாற்போல் பழைய அரண்மனையின் பகவதி கோயில், சேர்லாயில் கொங்கணியரின் திருமலைக் கோயில், குஜராத்தி ரோட்டில் சமணக் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல், 1653-இல் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசிய மேலாதிக்கத்துக்கு எதிராகச் சத்தியம் செய்த கூனன் குரிசு எல்லாம் நடந்தே போய்ப் பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் தலைமுறை தலைமுறையாக வெளுப்புத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மறுபிறவி உண்டா, உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டா என்பதிலெல்லாம் இவர்கள் ஒத்துப்போவதில்லை. ஒன்றில் மட்டும் ஏறக்குறைய ஒரே குரல்: உயிர் பிரியும் வேளையில் மனம் எங்கே நிற்கிறது என்பது மிகப் பெரிய விஷயம். இந்துவுக்கு இறைவன் நாமம், முஸ்லிமுக்குக் கலிமா, கத்தோலிக்கருக்கு ஒப்புரவும் நோயில் பூசுதலும், யூதருக்குப் பாவ அறிக்கையும் ஷெமாவும், சமணருக்கு நவகார மந்திரமும் கலங்காத விழிப்பும். கடைசி மூச்சோடு இவையும் சேர வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆசைப்படுகிறார்கள்.

அதனால்தான், குணமாகாத புற்றுநோயோடு ஒருவரை ஹாஸ்பிஸிலோ பாலியேட்டிவ் வார்டிலோ சேர்க்கும் நாளில் குடும்பத்தின் மனத்தில் ஒரு கேள்வி நெருடுகிறது. பெரும்பாலும் அதை மருத்துவரிடம் கேட்பதில்லை; தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள். வலிக்கு மார்ஃபின் கொடுப்பார்களே, அது அபினியிலிருந்து வருவதாயிற்றே, அந்த மயக்கத்தில் கிடந்தால் அவர் வாயில் கடவுள் பெயர் வருமா? வலியைக் குறைக்கப்போய் அவருடைய கடைசி நினைவைப் பறித்துவிடுவோமோ? இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமில்லை. வாழ்க்கை முழுவதும் ஒருவர் காத்துவந்த நம்பிக்கையைக் கடைசி நாளில் அவருக்காகக் காக்க நினைக்கும் பாசம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாசம் தவறான திசையில் அஞ்சுகிறது என்பதே இங்கே நான் வைக்கும் வாதம். மனிதனின் கடைசி நினைவைப் பறிப்பது பெரும்பாலும் தணிக்கப்படாத வலிதான். வலியைத் தணிப்பது, அந்த நினைவுக்கு இடம் உண்டாக்கும் சமயக் கடமை.

முதலில், உள்ளே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் விலகும். பாலியேட்டிவ் வார்டு என்றால் போனவர் திரும்பாத இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பலரை அங்கே சில நாட்களுக்காகத்தான் சேர்க்கிறார்கள். கட்டுக்கடங்காத வலி, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், அழுகி நாறும் புண், வயிற்றில் கோத்த நீர், இல்லையென்றால் இரவு பகலாகப் பார்த்துப் பார்த்துத் தளர்ந்துபோன வீட்டார் என ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். அது அடங்கியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வென்டிலேட்டர் இருக்காது. மணிக்கொருமுறை இரத்தம் எடுக்க மாட்டார்கள். துணைக்கு இருப்பவரை வெளியே நிற்க வைக்காமல் கட்டிலருகே அமர்த்தி, புண்ணைக் கழுவவும், புரட்டிப் படுக்க வைக்கவும், வறண்ட வாயை ஈரத்துணியால் துடைக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். மருந்துக்கு நான்கு உறுப்புகள் என்று சொன்ன வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து இவற்றோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவனையும் ஓர் உறுப்பாகச் சேர்த்தார். அந்த நாலாவது ஆளைத் தீவிர சிகிச்சைப் பிரிவு கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. ஹாஸ்பிஸ் உள்ளே கூப்பிடுகிறது.

இனி அந்த மருந்து. வாய்வழி மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். மெலிந்தவருக்கு 5 மில்லிகிராம் போலச் சிறிய அளவில் தொடங்கி, வலி எவ்வளவு தணிகிறது, தூக்கம் எவ்வளவு வருகிறது என்று இரண்டையும் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். தொடங்கிய முதல் சில நாட்களில் அசதியும் தூக்கமும் வருவது உண்டு. அதில் ஒரு பகுதி, வாரக்கணக்கில் வலியால் தூங்காத உடல் தன் தூக்கக் கடனைத் தீர்த்துக்கொள்வது. பிறகு பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள். பேசுகிறார்கள், ஜபிக்கிறார்கள், பேரப்பிள்ளையை அடையாளம் கண்டு சிரிக்கிறார்கள். விடாமல் தொடர்வது மலச்சிக்கல்தான். அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்துக்குக் கேரளத்திலிருந்தே பதில் உண்டு. கோழிக்கோட்டில் இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பியும், அது தவறாகப் பயன்பட்டதாகவோ கைமாறிப் போனதாகவோ ஒரு நிகழ்வைக்கூட அந்த ஆய்வாளர்கள் காணவில்லை.

வலி என்ன செய்கிறது என்பதை இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். எலும்புக்குள் பரவிய புற்றுநோயின் வலி, நரம்பை அழுத்தும் கட்டியின் வலி, மனிதனுக்குள் வேறெதற்கும் இடம் விடுவதில்லை. தியானத்துக்கும் ஜபத்துக்கும் வேண்டியது கவனம். கடும் வலி முதலில் விழுங்குவது அந்தக் கவனத்தைத்தான். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத் தன் நோயாளிகளிடமிருந்தே கற்றார். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலையின் வலி, அர்த்தம் தேடும் ஆன்மாவின் வலி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அவர் முழு வலி என்று விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பாலியேட்டிவ் சிகிச்சைக்குக் கொடுத்த வரையறையிலும் ஆன்மிகத் துயரம் உடல் துயரத்தோடு சேர்ந்தே இடம்பெற்றது. உடலின் வலி அடங்காதவரை மற்ற மூன்றையும் பற்றி அந்த மனிதர் பேசக்கூட முடியாது. தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவர் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நினைத்தாலும், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நினைத்தாலும், சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவருக்கு வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைச் சரியான அளவு மார்ஃபின் தருகிறது.

நம் நாட்டில் இந்தப் பயம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். சட்டப்படி அபினி விளைவிக்கும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அரசின் உரிமத்தோடு அது விளைகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான விதிகளுக்கு அஞ்சி மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. 1997-இல் இவ்வளவு பெரிய தேசம் முழுவதும் பயன்படுத்திய மார்ஃபின் வெறும் 18 கிலோவாகக் குறைந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியதும், ஊர்தோறும் தொண்டர்கள் சேர்ந்ததும், 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ் கவனிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்ததும், 2014-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியதும் இந்த நிலையை மாற்றப் பாடுபட்டதன் படிகள். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை தன் தாய் தந்தையர் துடித்துச் செத்ததைப் பார்த்தது. சாவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கப் பழகியது. மருந்து கிடைக்காததால் வந்த துன்பத்துக்குப் பிறகு விதி என்றும் சோதனை என்றும் பெயர் வைத்தார்கள். மருந்து கிடைக்கும்போதும் அதை மறுப்பதற்கு அந்தப் பெயரே காரணமாகிவிடக் கூடாது.

இங்கே முதல் மறுப்பு எழும். துன்பம் வீணானதல்ல; கர்மத்தைக் கழிக்கிறது, பாவத்தைக் கழுவுகிறது, சிலுவையில் பங்கு தருகிறது என்று எல்லா மரபுகளும் சொல்லவில்லையா? சொல்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு முள் தைத்த வலிக்கும் இறைவன் பாவத்தை மன்னிக்கிறான் என்று நபிமொழி உண்டு. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் அதே நபிமொழி மரபுதான். மயக்கம் தரும் பொருள் விலக்கப்பட்டதாயிற்றே என்போருக்கு, நிர்ப்பந்தம் வரும்போது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்று அந்த மார்க்கச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி பதில் தருகிறது. தமிழ்ச் சைவத்துக்கு வந்தால் அப்பரே சாட்சி. சூலை நோய் குடலைப் பிசைந்தபோது அவர் அதைக் கர்மப்பயன் என்று பொறுத்துக் கிடக்கவில்லை. தமக்கை திலகவதியாரிடம் போனார். திருவதிகையில் நின்று, இந்த வேதனையை என்னால் தாங்க முடியவில்லை, தீர்த்துவை என்று கதறினார். சைவத் திருமுறையில் அவருடைய பாட்டு தொடங்குவதே வலியிலிருந்து விடுதலை கேட்கும் கூக்குரலாகத்தான். வலிதானே அவரைச் சிவனிடம் சேர்த்தது என்று ஒருவர் கேட்கலாம். இருக்கட்டும். அவர் வலியைச் சிவன் தீர்த்துவைத்தார் என்பதும் அந்தக் கதையின் பகுதிதானே? ஒருவர் தன் துன்பத்தில் பொருள் கண்டால் அதை வணங்கலாம். அந்தப் பொருளை அவருக்குப் பெற்றுத் தருகிறோம் என்று மருந்தைத் தடுக்கும் உரிமை கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்கு இல்லை.

கிறிஸ்தவர் ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். மாற்கு சுவிசேஷப்படி, சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசுவுக்குக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக் குடிக்கவில்லை. குருவே மறுத்ததைச் சீடன் வாங்கலாமா? அந்தப் பானத்தின் வரலாறு இங்கே உதவும். கொல்லப்பட அழைத்துச் செல்லும் மனிதனுக்கு அறிவு மங்கும்படி திராட்சரசத்தில் சாம்பிராணி கலந்து கொடுக்க வேண்டும் என்றும், எருசலேமின் பெருங்குடிப் பெண்கள் அதைத் தங்கள் செலவிலேயே கொண்டுவருவார்கள் என்றும் யூதர்களின் தால்மூது சொல்கிறது. ஆகக் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவனுக்கும் வலி குறைத்துக் கொடுப்பதை அந்த மரபு இரக்கத்தின் கடமையாக வைத்திருந்தது. இயேசு தனக்கு வந்ததை மறுத்தார். பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அவர் சொன்ன உவமையில் நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். 1957 பிப்ரவரியில் இந்தக் கேள்வி போப் பன்னிரண்டாம் பத்திநாதரிடமே வந்தது. வேறு வழி இல்லாதபோது, நோயாளியின் சமயக் கடமைகளுக்கும் ஒழுக்கக் கடமைகளுக்கும் இடையூறு வராத நிலையில், நினைவு மங்கினாலும் ஆயுள் சற்றே குறைந்தாலும்கூட வலிமருந்து கொடுக்கலாம் என்று அவர் விடையளித்தார். தகுந்த காரணமின்றி நினைவைப் பறிக்கக் கூடாது என்பதும் அந்த விடைக்குள் இருக்கிறது. நல்ல ஹாஸ்பிஸ் மருத்துவரும் அதையே சொல்வார்.

சமணரின் மறுப்பே எல்லாவற்றிலும் கடினமானது. அவர்களுக்கு விழிப்பு என்பது சாவின் நேரத்துக்கு வேண்டிய அலங்காரம் அன்று, சாதனையின் உள்ளுரு. வாழ்வின் முடிவு நெருங்கிவிட்டது என்று தெளிந்தவர் ஆசையும் வெறுப்பும் இன்றிப் படிப்படியாக உணவைக் குறைத்து உயிர்விடும் சல்லேகனையில், மங்கிய மனத்தோடு சாவதே தோல்வி. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு இணையாக வைத்துத் தடுத்தபோது சமணர்கள் நாடெங்கும் கொதித்தெழுந்தார்கள். அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இப்படிப்பட்ட நம்பிக்கையுடைய ஒருவர் வலிமருந்து குறைவாகப் போதும், கொஞ்சம் வலித்தாலும் விழித்திருக்கவே விரும்புகிறேன் என்றால், அவர் சொல்வதை நோயின் குழப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவை அவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். உணவு வேண்டாம் என்றால் மூக்குக் குழாய் போட்டுத் திணிக்கவும் கூடாது. உயிர் ஒடுங்கும் நாட்களில் உடல் உணவை ஏற்பதில்லை என்பதை ஹாஸ்பிஸ் மருத்துவமும் அறியும். ஆனால் சல்லேகனையின் நிபந்தனைகளைக் கவனியுங்கள்: அது தானே தெளிந்து ஏற்பது, குருவின் அனுமதியோடு செய்வது, மனம் கலங்கினால் பயனற்றது. வலியின் கலக்கத்தையும் அந்தத் தெளிவுக்குப் பகையாகவே கொள்ள வேண்டும். தானே விரும்பி விழித்திருப்பவரின் விரதத்தை, விரும்பாத ஒருவரை வலியில் கிடத்துவதற்கு ஆதாரமாக யாரும் காட்ட முடியாது.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் ஒரு மறுப்பு மிஞ்சும். நேர்மையாகச் சந்திக்க வேண்டியது அதைத்தான். எல்லாருக்கும் கடைசிவரை தெளிவு இருப்பதில்லை. சிறுநீரகமோ கல்லீரலோ செயலிழந்தால் மருந்து கொடுக்காமலே மனம் குழம்பும். ஆளைத் தெரியாது, பிதற்றல் வரும். மிகச் சிலருக்கு வேறெதற்கும் அடங்காத துயரத்தைத் தணிக்கத் தூக்க மருந்து கொடுக்க வேண்டியும் வரும். அப்போது அந்தக் கடைசி நினைவு போய்விட்டதே, அவருடைய கதி என்ன? இதற்கு மருத்துவத்திடம் பதில் இல்லை; மரபுகளிடம் இருக்கிறது. கீதையின் எட்டாம் அத்தியாயம் இறுதியில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று சொன்ன கையோடு, ஆகவே எல்லாக் காலத்திலும் என்னை நினை என்று சொல்கிறது. அதாவது இறுதி நினைவு ஒரு கணத்தில் எழுதி முடிக்கும் தேர்வு அல்ல; வாழ்நாள் பழக்கத்தின் விளைச்சல். தமிழ் வைணவம் இன்னும் ஓரடி முன்னே போய்விட்டது. பெரியாழ்வார் திருவரங்கத்து எம்பெருமானிடம், இறுதிநேரத் தளர்ச்சியில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, அந்த நேரத்துக்காக இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் என்று விண்ணப்பித்தார். வராகப் பெருமானின் வாக்காக வைணவர் போற்றும் சரம சுலோகத்தின் பொருள் அதைவிட ஆறுதலானது: உடல் நலமாக இருந்தபோது என்னை நினைத்தவன், கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும் அந்த நேரத்தில் அவனை நான் நினைக்கிறேன். நினைக்க வேண்டிய கடமை மனிதனிடமிருந்து கடவுளிடம் மாறிவிடுகிறது. தூங்குபவன், குழந்தை, சித்தம் கலங்கியவன் ஆகிய மூவரின் கணக்கை எழுதாமல் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று இஸ்லாமிய மரபும் சொல்கிறது. நம்முடைய ஆழ்வாரும் நபியும் பழிக்காத மனிதரை நாம் ஏன் பழிக்கிறோம்?

இன்னொன்றையும் மரபுகள் சொல்லியிருக்கின்றன. அது ஹாஸ்பிஸுக்கு மிக நெருக்கமானது. கடைசி நினைவு சாகிறவரின் தனிப் பொறுப்பாக எங்கும் விடப்படவில்லை. முஸ்லிம்கள் படுக்கையருகே கலிமாவை மென்மையாக எடுத்துச் சொல்கிறார்கள். நோயாளி ஒருமுறை சொல்லிவிட்டால் மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அறிஞர்களின் அறிவுரை. கிறிஸ்தவர்கள் நல்ல மரணத்துக்கான மன்றாட்டைச் சேர்ந்து சொல்கிறார்கள். இந்து வீடுகளில் சகஸ்ரநாமமோ தேவாரமோ காதோரம் ஓதுகிறார்கள். நினைவற்றவருக்கு இது எட்டுமா? கனடாவின் வான்கூவரில் ஒரு ஹாஸ்பிஸின் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. உயிர் பிரியச் சில மணி நேரமே இருந்த, அழைத்தால் அசையாத நிலையிலும், அவர்களில் சிலரின் மூளை ஒலிக்கு மறுமொழி தந்தது பதிவாகியது. கேட்டது புரிந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஓதுவதை நிறுத்த ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல அது போதும். இப்படி ஓதுவதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. வாயில் குழாய் இருக்கும், உறவினர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார்கள். கடைசி நாமத்தைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படும் குடும்பம் அஞ்ச வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.

மார்ஃபின் கொடுப்பது மெல்லக் கொல்வதுதானே என்று சிலர் கேட்பார்கள். அளவறிந்து கொடுக்கும் வலிமருந்து ஆயுளைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே 2003-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த மதிப்பாய்வு முடிவு செய்தது. அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு பாலியேட்டிவ் கவனிப்பையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியின் அடியில் இருப்பது எண்ணிக்கை மட்டுமல்ல. உயிரைப் பறிப்பதற்கும், போக ஆயத்தமான உயிரைப் பிடித்து இழுக்காமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டா என்பதே அது. உண்டு என்று மட்டாஞ்சேரி யூதர்களின் நூல்மரபு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரைத் தொட்டு அசைத்து முடிவை விரைவுபடுத்துவது அங்கே பாவம். வெளியே விறகு பிளக்கும் ஓசை உயிரைப் போகவிடாமல் நிறுத்தி வைக்கிறது என்றால் அந்த ஓசையை நிறுத்தலாம். யூத குருவான ரபி யெஹூதாவின் பணிப்பெண்ணின் கதையையும் தால்மூது வைத்திருக்கிறது. குரு சாகாதிருக்கச் சீடர்கள் இடைவிடாமல் ஜெபித்தார்கள். அவர் படும் பாட்டை அருகிருந்து பார்த்த அந்தப் பெண், கூரையிலிருந்து ஒரு ஜாடியைக் கீழே போட்டாள். சத்தத்தில் ஜெபம் ஒரு கணம் நின்றது, அவர் அமைதியடைந்தார். தால்மூது அவளைக் கண்டிக்கவில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச்சில் இதே வேறுபாட்டை ஏற்று, பயனற்ற உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது.

சாவு வீட்டில்தான் நேர வேண்டும், வார்டில் விடுவது பாவம் என்ற எண்ணமும் வலுவானது. ஆனால் புனிதமான சாவுக்காக வீட்டை விட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. காசியின் முக்தி பவனத்துக்கு 1958 முதல் குடும்பங்கள் இறுதிக் காலத்தில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. அங்கே மருத்துவம் இல்லை, பஜனையும் கங்கையும் உண்டு. மும்பையில் 1986-இல் தொடங்கிய, நாட்டின் முதல் ஹாஸ்பிஸாகிய சாந்தி அவேத்னா சதன் ஒரு கிறிஸ்தவ முயற்சி. அங்கே எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முக்தி பவனத்தில் வலிக்கு மருந்து இல்லை, பெரும்பாலான மருத்துவமனைகளில் ஓதுவதற்கு இடம் இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதற்குத்தான் ஹாஸ்பிஸ். வீட்டிலேயே முடிய வேண்டும் என்று நோயாளி விரும்பினால் அதுவும் நடக்கும். வலி அடங்கியபின் வீட்டுக்குப் போய், வீடு தேடி வரும் செவிலியரின் கவனிப்பில் இருக்கலாம். கேரளத்தில் உள்ளாட்சிகள்வரை இந்த ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இது சேர்ந்திருக்கிறது.

ஆகவே வார்டில் சேர்க்கும் முதல் நாளிலேயே குடும்பம் மருத்துவரிடம் சமயத்தைப் பற்றியும் பேச வேண்டும். எவ்வளவு விழிப்பாக இருக்க நோயாளி விரும்புகிறார் என்பதை, அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே அவர் வாயிலிருந்தே கேட்டுச் சொல்ல வேண்டும். பாதிரியாரோ மௌலவியோ குருக்களோ எப்போது வர வேண்டும் என்று சொன்னால், அந்த நேரத்தில் தெளிவு இருக்கும்படி மருந்து வேளையை அமைக்க மருத்துவர் முயல்வார். துளசி தீர்த்தமோ ஜம்ஜம் நீரோ கொடுக்க ஆசை என்றால் அதையும் சொல்லலாம். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போகும் என்பதால், பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் செவிலியர் காட்டிக்கொடுப்பார். கடைசி மணிகளில் தொண்டையில் கரகரப்பு கேட்டால் அது பெரும்பாலும் நோயாளிக்கு வேதனையாக இருப்பதில்லை என்பதையும் விளக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓசைக்குப் பயந்து ஆம்புலன்ஸில் ஏற்றி ஐ.சி.யூ.வுக்கு ஓடிய குடும்பங்கள் தாங்கள் காக்க நினைத்த நிமிடங்களையே இழந்திருக்கின்றன.

குடும்பத்தைவிடப் பெரிய கடமை மதத் தலைவர்களுக்கு இருக்கிறது. மட்டாஞ்சேரியின் ஜமாஅத்தும் பங்குப் பேரவையும் தேவஸ்வமும் சமண சங்கமும், தமிழ்நாட்டின் மடங்களும் கோயில்களும், மார்ஃபின் வாங்குவது நம்பிக்கைக்குத் துரோகமில்லை என்று மேடையில் ஏறி ஒருமுறை உரக்கச் சொன்னால், எந்த மருத்துவர் சொல்வதையும்விட அது ஆழமாகப் போய்ச் சேரும். அவர்கள் சொல்லாதவரை, வலியில் கிடப்பவர் தன்னைத் தண்டனை அனுபவிப்பவராக எண்ணுவார். மருந்து கேட்பதைத் தன் பலவீனமாக எண்ணுவார். இறைவன் பெயர் சொல்ல ஒருவருக்கு மூச்சும் கவனமும் வேண்டும். அவற்றைக் கொடுக்கும் மருந்து கையில் இருக்கும்போது அதை மறுத்துவிட்டு, அவர் வாயிலிருந்து நாமம் வரவில்லையே என்று வருந்துவது பக்தியாகாது. கடவுளை நினைக்க அவருக்கு உதவுவதும், அவரால் முடியாதபோது கடவுள் அவரை நினைப்பார் என்று நம்புவதும்தான் பக்தி. இந்த இரண்டையும் செய்கிறவர்கள் மார்ஃபினுக்கு அஞ்ச வேண்டியதில்லை.